கடிகாரம் ஒத்த பின்

நுழையும்முன்

கணினி தரும் விடையை நாம் சில வேளைகளில் ஐயுறுகிறோம்; அது காட்டும் நேரத்தை ஐயுறுவதில்லை. மின்சாரம் வந்து கணினி விழித்தெழும் முதற்சில நொடிகளில் அதற்கு நேரம் தெரியுமா? தெரியாதெனில் அது என்ன செய்ய வேண்டும்? ஏலமலையின் அடிவாரத்திலிருந்து இவ்வினாவை அணுகுகிறது இப்பாடம்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துள்ள சிற்றூர் சிலமலை. மேற்கே ஏலமலைத் தொடர் சுவரென எழுந்து நிற்கிறது. மலைச்சரிவில் பறிக்கப்படும் பச்சை ஏலக்காய் உடனே விலைபோவதில்லை. உலர்த்தும் கூடத்தில் ஏறத்தாழ ஒரு நாள் மிதமான வெப்பத்தில் காய வேண்டும். வெப்பம் மிகுந்தால் பச்சை நிறம் மங்கும். குறைந்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். போடிநாயக்கனூர் ஏல மையத்திற்கு வரும் வணிகர் முதலில் பார்ப்பது நிறத்தையும் பருமனையும்தான். ஓர் இரவின் பிழை, உழவரின் ஒரு பறிப்பின் விலையைக் குறைத்துவிடும்.

மின்சாரத்தால் இயங்கும் உலர்த்தி ஒன்றைச் சிறு கணினி மேற்பார்வை செய்வதாகக் கொள்வோம். எத்தனை மணி நேரம் காய்ந்தது என்று கணக்கிட்டு, உரிய வேளையில் வெப்பத்தை நிறுத்துவது அதன் பணி. தென்மேற்குப் பருவமழை இரவொன்றில் மின்சாரம் போய், அரைமணியில் மீள்கிறது. கணினி விழிக்கிறது. இப்போது மணி என்ன?

மேசைக் கணினிக்குள் காசளவு மின்கலம் ஒன்று உண்டு. கணினி உறங்கும்போதும் அதன் துணையால் ஒரு சிறு கடிகாரம் ஓடுகிறது. அதிலுள்ள குவார்ட்சு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அவ்வதிர்வுகளை எண்ணியே நேரம் கணிக்கப்படுகிறது. வெப்பநிலை மாறினால் அதிர்வும் சிறிது மாறும். அதனால் நாளொன்றுக்கு ஓரிரு நொடி பிழை சேர்வது இயல்பு. மின்கலம் தீர்ந்தாலோ நிலைமை வேறு. விலைகுறைந்த சிறு கணினிகள் பலவற்றில் அம்மின்கலமே இல்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுகின்றன. நேரமறியாத கணினி அந்நாளிலேயே, நம் நாட்டு நேரப்படி காலை 5.30 மணிக்கு, கண்விழிக்கக்கூடும்.

உலர்த்தும் நிரல் அந்த நொடியே வேலையைத் தொடங்கினால் என்னாகும்? காய்ச்சல் தொடங்கிய நேரமாக 1970ஐக் குறித்துக்கொள்ளும். சற்று நேரத்தில் இணையம் கிடைத்துக் கடிகாரம் திருத்தப்படும். ஒரே தாவலில் அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிடும். 'காய்ந்தது போதும்' என்று நிரல் வெப்பத்தை நிறுத்திவிடும். ஈரக்காய் அப்படியே கிடக்கும். நாள், மணி சாராமல் கழிந்த நேரத்தை மட்டும் எண்ணும் எண்ணி ஒன்று கணினிக்குள் உண்டு. தேர்ந்த நிரலர் அதனையே நாடுவர். ஆயினும் மின்சாரம் போனால் அதுவும் சுழியிலிருந்தே தொடங்கும். போவதற்கு முன் எத்தனை மணி காய்ந்தது என்பதை அறிய, சரியான நேரக் குறிப்பே வேண்டும்.

இச்சிக்கலுக்குத் தொடர்வண்டித் துறை கணினிக்கு முன்பே விடை கண்டது. 2010இல் நின்ற வண்டி, அகலப் பாதையில் 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு மீண்டும் வந்தது. வண்டி புறப்படும் நிலையத்தில், காப்பாளர் தம் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, அந்நேரத்தை ஓட்டுநருக்கும் அறிவிக்க வேண்டும். அதன் பின்னரே புறப்பாடு. இது இந்திய இரயில்வேயின் பொது விதி. நிலையங்களுக்கோ நாள்தோறும் 16 மணிக்கு நேரக் குறிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பதும் அவ்விதித் தொகுப்பில் உள்ளது. (1906க்கு முன்பு நம் நாட்டின் தொடர்வண்டிகள் பின்பற்றியது சென்னை வானாய்வகத்தின் நேரத்தை என்பது நாம் மறந்துவிட்ட பெருமை.)

கணினிக்கு நிலையக் கடிகாரமாக விளங்குவது இணையத்திலுள்ள நேர வழங்கி. நம் நாட்டின் சீர்நேரத்தை அணுக்கடிகாரங்களைக் கொண்டு பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 'மணி என்ன?' என்ற கேள்வி கணினியிலிருந்து புறப்பட்டு, விடை திரும்ப 100 மில்லி நொடி ஆனதாக வைத்துக்கொள்வோம். விடை வழியில் கழித்தது ஏறத்தாழ அதில் பாதி எனக் கொண்டு, கணினி அந்த 50 மில்லி நொடியைக் கூட்டிக்கொள்ளும். அமெரிக்க அறிஞர் டேவிட் மில்சு 1980களில் உருவாக்கிய நெறிமுறையின் அடிப்படை இதுவே.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. நேரம் கேட்கும் சேவை தொடங்கியது வேறு. நேரம் ஒத்தது வேறு. முன்னது நடந்தவுடனே பிற சேவைகளை எழுப்பிவிடுவது, காப்பாளர் நிலையக் கடிகாரத்தை நோக்கித் திரும்பியதுமே வண்டியைக் கிளப்புவது போன்றது. ஆகவே லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஒத்திசைவு முடிந்தது' என்னும் தனி நிலை வரையறுக்கப்பட்டுள்ளது. அந்நிலை எய்தும்வரை காத்திருக்குமாறு நேரம் சார்ந்த சேவைகளுக்குக் கட்டளையிடலாம். பெரும்பாலும் சில நொடிக் காத்திருப்பே அது.

மலையிலோ இணையம் விடியும்வரை கிடைக்காமலும் போகலாம். எல்லாச் சேவைகளும் முடிவின்றிக் காத்திருந்தால் காய் கெடும்; காத்திராமல் தொடங்கினால் கணக்குக் கெடும். ஆதலால் எது காத்திருக்க வேண்டும் என்று முன்பே பிரித்தறிதல் இன்றியமையாதது. வெப்பமானியைப் பார்த்து வெப்பத்தை அளவோடு வைத்திருக்கும் சேவைக்கு மணி தேவையில்லை. அது உடனே தொடங்கட்டும். நேரம் குறிப்பதும், நேரங்கண்டு நிறுத்துவதும் காத்திருக்கட்டும். குறித்த காலத்திற்குள் நேரம் கிட்டாவிடில் கணினி மணியோசை எழுப்பலாம். கூடத்தில் இரவுக் காவலிருப்பவர் எழுந்து வந்து, தம் கைபேசியைப் பார்த்து நாளையும் மணியையும் அதில் உள்ளிடுவார்.