கேஷ் கோப்புகள்: எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது?

வீட்டில் கணினி ஒன்று இருந்தால் தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் அதில்தான் இணையம் பார்க்கிறோம். "மெதுவாக இருக்கிறதா? கேஷை அழித்துவிடு" என்ற அறிவுரையும் அடிக்கடி காதில் விழுகிறது. கேஷ் என்பது என்ன, அதை எப்போது அழிக்க வேண்டும், அழிக்கும்போது எதில் கை வைக்கக் கூடாது என்பவற்றை இங்கே காண்போம்.

கேஷ் என்றால் என்ன?

இது ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் அல்ல. ஒலி ஒன்றே, சொல் வேறு. 'ஒளித்து வைத்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

கடுகு தேவைப்படும்போதெல்லாம் நாம் கடைக்கு ஓடுவதில்லை. வாங்கி அடுப்படியில் வைத்துக்கொள்கிறோம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளும் அப்படித்தான். ஒரு தளத்துக்கு முதன்முறை சென்றதும் அதன் படங்கள், எழுத்துருக்கள், நிரல் கோப்புகள் ஆகியவற்றின் நகலைக் கணினியில் சேமித்துக்கொள்கின்றன. மறுமுறை அங்கிருந்தே எடுத்துக் காட்டுகின்றன.

நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. விநாடிக்கு 9,600 பிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் 60 கிலோபைட் படம் ஒன்று வந்து சேர ஏறக்குறைய 50 விநாடி ஆகும். ஒரே படம் மீண்டும் மீண்டும் இறங்கினால் பொறுமை மட்டுமா போகும், காசும் போகும்! இன்று வேகம் பெருகிவிட்டது. ஆனால் பக்கங்களும் பருத்துவிட்டன. ஆகவே கேஷ் இன்றும் தேவையே.

பழைய பக்கம் ஏன் வருகிறது?

மளிகைப் பொட்டலத்தின் மேல் காலாவதித் தேதி இருப்பதுபோல, ஒரு கோப்பை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தளத்தின் சர்வர் சொல்லி அனுப்பலாம். அந்தக் கெடு முடியும் வரை உலாவி தன் நகலையே காட்டும். முடிந்தபின் "மாறியிருக்கிறதா?" என்று சர்வரைக் கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற குறியீட்டு விடை மட்டும் வரும். கோப்பு மறுபடி இறங்காது.

சிக்கல் இங்கேதான். பள்ளி நிர்வாகம் தேர்வு அட்டவணையைத் திருத்தி, அதே கோப்புப் பெயரில் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். கெடு முடியாத பழைய அட்டவணையையே உங்கள் உலாவி காட்டக்கூடும். பிள்ளை கணக்கைப் படித்துவிட்டு அறிவியல் தேர்வுக்குப் போய் நிற்பான். இப்படி ஐயம் எழுந்தால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். அட்டவணை திறந்திருக்கும் பக்கத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும்.

அழிக்கும் முறை

ஒரு தளம் தொடர்ந்து கோணல்மாணலாகத் தெரிந்தாலோ, கணினியில் இடம் போதாவிட்டாலோ கேஷ் முழுவதையும் அழிக்கலாம்.

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பட்டியல் திறக்கும்.

2. கால அளவில் 'ஆல் டைம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இது 'எவ்ரிதிங்'.

3. 'கேச்டு இமேஜஸ் அண்டு ஃபைல்ஸ்' என்ற கட்டத்தில் மட்டும் குறி இருக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸில் 'டெம்பரரி கேச்டு ஃபைல்ஸ் அண்டு பேஜஸ்'. மற்றக் கட்டங்களில் உள்ள குறிகளை எடுத்துவிடுங்கள்.

4. பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

கவனம் தேவை

மூன்றாவது படிதான் முக்கியம். 'குக்கீஸ்' கட்டத்தையும் சேர்த்துவிட்டால், நுழைந்திருக்கும் தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கடவுச்சொற்களுக்கான கட்டம் இருந்து, அதையும் சேர்த்துவிட்டால் சேமித்து வைத்தவை போய்விடும். ஊரில் இருக்கும் பெற்றோரின் மின்கட்டணம், ரயில் முன்பதிவு என்று பல கணக்குகளை இங்கிருந்தே பார்த்துக்கொள்பவர்கள் நாம். மறந்த கடவுச்சொல்லை மீட்கப் பதிவான கைபேசி எண் தேவைப்படலாம். அந்தக் கைபேசியோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்! கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வைப்பது நல்லது.

கேஷை அழிப்பதால் நடக்காதவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். வைரஸ் போகாது. எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றோம் என்ற பட்டியல் போகாது. வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறியதாகவும் ஆகாது. அதற்கு 'லாக் அவுட்' கொடுக்க வேண்டும். நீங்கள் இறக்கி வைத்த குடும்பப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

நாள்தோறும் அழிக்க வேண்டியதும் இல்லை. இடம் நிறையும்போது உலாவியே பழைய நகல்களை நீக்கிக்கொள்ளும். தேவைப்படும்போது மட்டும் அழியுங்கள். வீட்டுக் கணினி எல்லோருக்கும் பொது என்பதால், கேஷ் தவிர வேறு எதை அழிப்பதானாலும் முதலில் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.