ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணணுமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பெண்கள் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். வீட்டை எடுத்தது எங்களோடு வேலை பார்த்த அக்கா. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அவருக்குத்தான் ஜிபே செய்தோம். கல்யாணமாகி அவர் ஊருக்குப் போய்விட்டார். "உங்களை யாருன்னே தெரியாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணுங்க" என்கிறார் ஓனர். மோட்டாரையும் நிறுத்திவிட்டார். எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
- ஒரு வாசகி

பதில்: இருக்கிறது, சகோதரி. நீங்கள் உள்வாடகைக்கு இருப்பவர்கள். உங்களை வெளியேற்ற ஓனர் நீதிமன்றம்தான் போக வேண்டும். பூட்டை மாற்றவோ, சாமான்களைத் தெருவில் வைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அப்படிச் செய்தால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6.

வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு என்றால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வரும். அதில் உள்வாடகைக்கு ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். அப்போதும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரை நிறுத்தியதற்கு வாடகை அதிகாரியிடம் இப்போதே புகார் கொடுக்கலாம். கிராம ஊராட்சி என்றால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்தில் தடை எழுதாதவரை உள்வாடகைக்கு விடுவது அங்கே தவறில்லை. அக்கா தானாக வீட்டை ஒப்படைத்தாலும் உங்கள் இருப்பு அதனால் மட்டும் முடிந்துவிடாது. (கம்பெனியே தரும் விடுதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.)

ஆனாலும் வழக்கு உங்களுக்குக் கடைசி வழியாக இருக்கட்டும். ஷிப்டு முடிந்து வந்து தூங்க ஓர் இடம் வேண்டும், அதுதானே உங்கள் தேவை? ஓனருக்கு வேண்டியது மாதாமாதம் தவறாத வாடகை. ஐந்து பேர் பெயரிலும் புது ஒப்பந்தம் போடக் கேளுங்கள். வாடகையை இனி அவர் வங்கிக் கணக்கிலேயே கட்டுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

அட்வான்ஸை அக்காவிடம்தான் கேட்க முடியும். அவர் ஓனரிடம் கட்டிய தொகையை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி, ஓனருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ஜிபே பதிவுகளை அழித்துவிடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி.

ஓனர் மசியவில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை.