பேணுவாரைப் பேணல்

அம்பத்தூரில் ஓர் இல்லத்தை மனக்கண்ணால் காண்க. 1964ஆம் ஆண்டில் அங்குத் தொழிற்பேட்டை தோன்றியபின், அதனை நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று இது. பொழுது புலர இன்னும் நான்கு நாழிகை உண்டு. எண்பது வயது முதியவர் எழுந்து சட்டை அணிந்து, "சங்கு ஊதிவிட்டது, என் சாப்பாட்டுத் தூக்கு எங்கே?" என்று வினவுகின்றார். அவர் ஆலைப்பணியினின்று ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் கடந்தன. வாயிற்கதவைப் பூட்டிய மருமகளை, "என் பணத்தைத் திருடியவள்" என்று ஏசுகின்றார். அவளோ இரவெல்லாம் கண் துஞ்சாதவள். ஞாயிறுதோறும் வரும் நாத்தனார், "அப்பா மெலிந்துவிட்டாரே, அண்ணி!" என்று சொல்லிச் செல்கின்றாள். திருட்டுப் பழியினும் அச்சொல்லே மிகுதியாகச் சுடுகின்றது.

முதியவர் கொடியவர் அல்லர். மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் நேரும் மறதிநோய் அவரைப் பற்றியுள்ளது. அந்நோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதனை 1906ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் செர்மானிய மருத்துவர். அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறையும். பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கும். ஆதலின், காலையில் உண்டதை மறந்தவர் ஆலைச் சங்கை மறந்திலர். இந்திய நாட்டில் ஏறத்தாழ 88 இலட்சம் முதியோர் மறதிநோய் உற்றிருத்தல் கூடும் என 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோரைப் பேணுவது குடும்பமே, குடும்பத்துள்ளும் பெண்டிரே.

பேணுகின்றவளை யார் பேணுவது? இவ்வினாவிற்கு விடை தேடிய இடங்களுள் கோவா ஒன்று. அங்கு 81 குடும்பங்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களை ஆறு திங்கள் அனுப்பினர். அத்தொண்டர்கள் மருத்துவர் அல்லர். நோயின் இயல்பை உரைத்தனர்; சினத்தையும் அலைச்சலையும் எதிர்கொள்ளும் வகையைக் கற்பித்தனர். நோயாளரின் செயல்திறனில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. பேணுவாரின் மனநலமோ தெளிவாக மேம்பட்டது. இம்முடிவு 2008இல் வெளியாயிற்று.

அம்பத்தூரார் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்மையில், அண்ணாநகர் மேற்கு விரிவில், ஸ்கார்ஃப் நிறுவனம் உள்ளது. மருத்துவர் சாரதா மேனன் முதலியோர் 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோயாளர்க்கென அதனைத் தொடங்கினர். இன்று மறதிநோயாளர் குடும்பங்களுக்கும் அது துணைபுரிகின்றது.

வழியறிந்த மருமகள் முதியவரோடு வாதிடாள். "இன்று ஆலைக்கு விடுமுறை, மாமா; காப்பி அருந்துங்கள்" என்பாள். அவரும் அமைதியாக அமர்வார். இது பொய்யன்றோ என்பார், ஓரிரவு அவ்வீட்டில் தங்கிப் பார்ப்பாராக.

நாத்தனார்க்கும் பணி உண்டு. ஞாயிறு பிற்பகலில் தந்தையின் அருகமர்ந்து பழைய ஆலைக் கதைகளை அவள் கேட்டிருப்பாளாயின், அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிநேரம் உறங்குவாள். பள்ளியினின்று திரும்பும் பேரன், தாத்தாவின் கையைப் பற்றித் தெருமுனைவரை நடத்திச் செல்லலாம். எத்திசையிற் செல்வோம் என்று கேட்பின், அவர் ஆலை இருந்த திசையையே காட்டுவார்.