இன்ஜினியரிங் கடன்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

ஜமுனாமரத்தூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் ஆசையா? வங்கிக்குப் போகுமுன், கடனே இல்லாமல் முடியுமா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ படித்திருந்தால், கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அது அமையாவிட்டால், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பழங்குடிக் குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. சாதிச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடன்தான் வழி என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு வருடப் படிப்பும் ஒரு வருட அவகாசமும் முடியும்போது தனி வட்டியே 1.4 லட்சம் ஏறியிருக்கும். 5.4 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 9,000 ரூபாய். 18,000 சம்பளத்தில் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேரும் பையனுக்கு அது சரிபாதி. அறை வாடகையும் மெஸ் காசும் போனால் கையில் என்ன நிற்கும்? சாமை விற்ற பணத்தில் அப்பா தவணை கட்டும் நிலை வரவே கூடாது.

கல்லூரியில் அதிகபட்சச் சம்பளத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பிள்ளை சேர நினைக்கும் பிரிவில் போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, பெரும்பாலோருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.