நம்பிக்கைகளும் உண்மைகளும்: கரு கலைந்த பின் நெஞ்சு படபடத்தால்

ஆனி பிறந்து மலையில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசியும் குற்றாலமும் குளிர்ந்துவிடும். அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்த்து, நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பெண்கள் உண்டு. சில வாரங்களுக்கு முன் கரு கலைந்தவர்கள். "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று அவர்கள் சொன்னால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "ஒண்ணுமில்ல தாயி, சரியாப் போகும்." பல பெண்களுக்குச் சரியாகவும் போகிறது. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லும் தகுதி பரிசோதித்த பிறகுதான் வரும். நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் ஏழு நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "ரத்தம் போயிருக்குல்லா, அப்படித்தான் அடிக்கும். பேரீச்சம்பழம் தின்னா போதும்."

உண்மை: காரணம் சரியாக இருக்கலாம், வைத்தியம் போதாது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இருக்கிற ரத்தத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்றிவிட வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக இருந்த இடத்தில்தான் இந்த ரத்தப்போக்கும் சேர்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. அதை ஈடுகட்ட இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தக் கூடாது. மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைகிற அளவுக்கு ரத்தம் போனால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 2: "தைராய்டு எல்லாம் மாசமா இருக்கும்போதே பார்த்தாச்சு, நார்மல்."

உண்மை: எளிதில் தவறவிடப்படும் காரணம் இது. கர்ப்பத்தில் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் கொஞ்சம் அடங்கியிருக்கும். கர்ப்பம் முடிந்ததும் அது மீண்டும் எழும்போது சிலருக்குத் தைராய்டு சுரப்பியையே தாக்கிவிடும். பிரசவத்துக்குப் பின் வருவதாக அறியப்பட்ட இந்த அழற்சி, கருச்சிதைவுக்குப் பிறகும் வரும். முதல் சில மாதங்களில் ஹார்மோன் அதிகமாகக் கசிந்து படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எடை இழப்பு எல்லாம் தெரியும். பிறகு பலருக்கு அது குறைந்து சோர்வும் மந்தமும் வரும். இரண்டு கட்டங்களும் துக்கத்தைப் போலவே தோன்றுவதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு மிகையாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பம். அதில் மிக அதிகமாகச் சுரக்கும் கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தூண்டிவிடும். கரு கலைந்து மூன்று வாரமாகியும் சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை 3: "ஈசிஜி நல்லா இருக்கு, அப்போ ஒண்ணும் கிடையாது."

உண்மை: ஈசிஜி பதிவு செய்வது பத்து விநாடித் துடிப்பைத்தான். ராத்திரி வந்து போன படபடப்பு காலையில் எடுத்த தாளில் இருக்காது. அடிக்கடி வந்தால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியும், தேவைப்பட்டால் எக்கோவும் பார்க்கலாம். வீட்டிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. எப்போது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி நின்றதா, மெல்ல ஏறி இறங்கியதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய துப்பு.

நம்பிக்கை 4: "உடம்புச் சூடுதான். ஐந்தருவியில நாலு நாள் தலை காட்டி, கஷாயம் குடிச்சா அடங்கிரும்."

உண்மை: அருவி மனதுக்கு இதம், சந்தேகமில்லை. ஆனால் ரத்தசோகையோடு தலைசுற்றும் பெண் வழுக்குப் பாறையில், கூட்ட நெரிசலில், கொட்டும் தண்ணீருக்கு அடியில் நிற்பது ஆபத்து. ரத்தப்போக்கு நின்று, உடம்பு தேறி, மருத்துவர் சரி என்ற பிறகு போகலாம். அருவி எங்கும் போய்விடாது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் கஷாயமும் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை 5: "பீடி சுத்துறது உக்காந்த வேலைதானே, உடம்புக்கு என்ன?"

உண்மை: தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முறமும் இலையும் பெண்களின் மடியில்தான் இருக்கின்றன. புகைக்காதவர் உடலிலும் புகையிலைத் தூளின் நிகோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சேரும். நிகோட்டின் இதயத் துடிப்பைக் கூட்டும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓய்வு யாரோ காட்டும் சலுகை என்று நினைக்க வேண்டாம். கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பை 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டமே வகுத்தது.

நம்பிக்கை 6: "காத்து பட்டிருக்கும். இல்லன்னா, மனசுல போட்டு உழப்புறா."

உண்மை: மந்திரித்துக் கயிறு கட்டுவது ஆறுதல் தரலாம், ஹீமோகுளோபினை ஏற்றாது. மனம் காரணமாக இருக்கலாம் என்பது மெய்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2020-ல் வெளிவந்த ஆய்வில், கருவை இழந்த பெண்களில் 29 விழுக்காட்டினருக்கு ஒரு மாதம் கழித்துப் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன; ஒன்பதாம் மாதத்திலும் 18 விழுக்காட்டினருக்கு இருந்தன. அதுவும் சிகிச்சை தேவைப்படும் நோய்தான். "பாரம் தூக்கினா, பப்பாளி தின்னா" என்று பழிப்பது அதைக் கூட்டும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. அதில் அவள் தவறு எதுவும் இல்லை.

நம்பிக்கை 7: "பிள்ளை பெத்தவளுக்குத்தான் ரத்தக் கட்டி வரும்."

உண்மை: கர்ப்பம் ரத்தத்தை உறையும் தன்மைக்குத் தள்ளுகிறது, அது கலைந்த பிறகும் உடனே மாறிவிடாது. படபடப்போடு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் கர்ப்பப்பையில் கிருமித் தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே தொடங்குவது? ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், தென்காசி அரசு தலைமை மருத்துவமனை, தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேட்க வேண்டியவை நான்கு: ஹீமோகுளோபின், டிஎஸ்எச், ஈசிஜி, கர்ப்பப் பரிசோதனை. எத்தனையாவது வாரத்தில் கரு கலைந்தது, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்களா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மனப்பாரத்துக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கணவர்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவள் நெஞ்சு அடிக்கிறது என்றால், காரணம் சொல்லாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.