தம்பானூரில் நிறுத்தும் காருக்கு வாக்ஸா, பாலிஷா?

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்தை ஒட்டியோ பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ காரை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கும் எர்ணாகுளத்துக்கும் போகிறவர்கள் ஏராளம். திரும்பி வந்து பார்க்கும்போது பானெட்டில் தூசி படிந்திருக்கும், காக்கை எச்சம் காய்ந்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் சுள்ளென்ற வெயில், சில கிலோமீட்டர் தூரத்திலேயே சங்குமுகம் கடல் என்று இருக்கும் ஊரில் பெயிண்டுக்கு ஓய்வே கிடையாது. கடைக்குப் போனால் வாக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட், சீலன்ட், செராமிக் ஸ்ப்ரே என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்குவது?

1. முதலில் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்: பாலிஷ் தேய்த்து எடுக்கும், வாக்ஸ் மேலே படியும். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற ஒளிபுகும் பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் அது 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் குறைகிறது. மாதாமாதம் மெஷின் பாலிஷ் போட்ட காரின் கூரையும் பானெட்டும் சில வருஷத்தில் வெளுத்து, செதில் செதிலாக உரிவதைப் பார்க்கலாம். அப்புறம் மறுபடி பெயிண்ட் அடிப்பது தவிர வழியில்லை. கீறல் தெரிந்தால் மட்டும் பாலிஷ் போடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வாக்ஸ் எத்தனை முறை போட்டாலும் கெடுதல் இல்லை. பெயரை வைத்து ஏமாறாதீர்கள். இரண்டும் கலந்த பாட்டில்களும் விற்கின்றன. ‘கீறலை நீக்கும்’ என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே தேய்க்கும் பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

2. கார்னௌபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது, உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தனியாகப் பூச முடியாத அளவுக்குக் கெட்டியாக இருப்பதால் எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். கருப்பு, சிவப்பு கார்களுக்கு இது தரும் ஆழமான பளபளப்பை வேறு எதுவும் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களே தாங்கும். போர்ட்டிகோவில் நிற்கும் கார், ஞாயிற்றுக்கிழமை துடைக்க ஆசைப்படும் மனம், இரண்டும் உள்ளவர்களுக்கு ஏற்றது.

3. தெருவிலும் ஸ்டேஷன் பார்க்கிங்கிலும் நிற்கும் காருக்கு சிந்தெடிக் சீலன்ட்தான் என் சிபாரிசு. சில மாதங்கள் நிற்கும், பூசுவதும் சுலபம். சிலிக்கா கலந்த ஸ்ப்ரேயும் இதே வேலையைச் செய்யும்.

4. செராமிக் கோட்டிங் நன்றாகப் போட்டால் ஒன்றிரண்டு வருஷம் தாங்கும். ஆனால் பைபாஸில் லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லை அது தடுக்காது, உப்புத் தண்ணீர் காய்ந்து விழும் வட்டக் கறையையும் தடுக்காது. பழைய கீறல்களுக்கு மேல் அப்படியே பூசினால் அந்தக் கீறல்களும் அடியில் நிலைத்துவிடும். பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பூசுவதற்கு முன் பெயிண்டை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? பூசிய பிறகு எத்தனை நாள் நனையாமல் வைக்க வேண்டும்? தெளிவான பதில் வராத இடத்தில் காரை விடாதீர்கள்.

5. தண்டவாளத்தருகே காரை நிறுத்துகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். சக்கரமும் தண்டவாளமும் உராயும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் பறக்கிறது. அது பெயிண்டில் ஒட்டி, ஈரத்தில் துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிவது இதுதான். காரைக் கழுவித் துடைத்தபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவருக்குள்ளிருந்து தடவும்போது மணல் தூவியதுபோல் நறநறக்கும். அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்கி, நிழலில் தெளியுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். பாட்டிலில் சொன்ன நேரத்துக்குள், காயும் முன் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். மிச்சத்தை ஷாம்பூ நுரையில் வழுக்கவிட்டு கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் எடுக்கலாம். கிளே கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மண் கீறிவிடும். இந்த வேலையைச் செய்யாமல் வாக்ஸ் போட்டால், துருவுக்கு மேலேதான் பூசுகிறீர்கள்.

6. இடவப்பாதி மழை ஜூன் முதல் வாரத்தையொட்டி வந்துவிடும், இரண்டாவது மழையான துலாவர்ஷம் அக்டோபரில். அதனால் மே நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சீலன்ட் போட்டுவிடுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரை பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. விரித்த துணிபோலப் பரவி நின்றால் போய்விட்டது.

7. பூசும்போது நிழலும், கை வைத்தால் சுடாத தகடும் முக்கியம். மெல்லிசாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் துடைக்க வராது, லாபமும் இல்லை. ஒரு கதவு, பிறகு அடுத்தது என்று போங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காய நேரமெடுக்கும். ஒரு விரலால் இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். கருப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும், கவனம்.

8. பறவை எச்சத்தை வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். அதிலுள்ள அமிலம் வெயிலில் ஒரே நாளில் பெயிண்டைத் தின்றுவிடும்.

9. பெரிய மழைக்குத் தம்பானூரில் தண்ணீர் தேங்குவது பழைய கதை. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் தூர்வாரியதே இதற்காகத்தான். அந்தச் சேற்றில் வந்த காரைத் துணியால் தொடும் முன் குழாய் வைத்து நன்றாகப் பீய்ச்சுங்கள். சக்கர வளைவையும் அடிப்பாகத்தையும் மறக்க வேண்டாம்.

10. பாத்திரம் கழுவும் திரவம் போட்டிருக்கும் வாக்ஸைப் பெயர்த்துவிடும். கார் ஷாம்பூவே போதும். டீசலோ தேங்காய் எண்ணெயோ தடவினால் ஒரு நாள் மினுக்கும், மறுநாள் தெருத்தூசி முழுக்க அதில் இருக்கும்.

11. ஒர்க் ஷாப்பில் புதிதாக பெயிண்ட் அடித்த பாகத்துக்கு உடனே வாக்ஸ் வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற ஒன்று, இரண்டு மாதம் விடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்கு சாதாரண வாக்ஸும் ஆகாது, பாலிஷும் ஆகாது, அங்கங்கே திட்டாக மினுக்கும். பழைய அம்பாசடரைத் தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே ஒட்டினால், அதில் கிளியர் கோட் இல்லை. அங்கே நீங்கள் தேய்த்து எடுப்பது நிறத்தையே என்பதால், கை பாலிஷோடு நிறுத்திக்கொண்டு உடனே வாக்ஸ் பூசிவிடுங்கள்.