குழுவோடு வாசிக்கும்போது பேஸ் கிட்டார் டோனை அமைப்பது எப்படி?

வீட்டில் தனியாக வாசிக்கும்போது கனமாக ஒலித்த பேஸ் கிட்டார், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் எடுபடுவதில்லை. அதனால் வீட்டில் பேஸ் குமிழைக் கூட்டி, மிட்டைக் குறைத்துப் பழகிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் அதே அமைப்பு வெறும் இரைச்சலாகிறது. ஆகவே டோனைக் குழு முழுவதும் வாசிக்கும்போதுதான் முடிவு செய்ய வேண்டும்.

1. நடுவிலிருந்து தொடங்குங்கள்
ஆம்பில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். கம்பியைப் பலமாகச் சுண்டுங்கள். கிளிப் விளக்கு எரிந்தால், அது அணையும்வரை கெயினைக் குறையுங்கள்.

2. முதலில் கை, பிறகு குமிழ்
பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் ஒலி இறுக்கமாகவும் கூர்மையாகவும் வரும். நெக் பக்கம் மீட்டினால் உருண்டு மென்மையாகும். ஜாஸ் பேஸ் வகையில் ஒரு பிக்கப்பைச் சற்றே குறைத்தால் மிட் முன்னே வரும். ஆனால் சிங்கிள் காயில் பிக்கப் என்றால் கொஞ்சம் ‘ஹம்’ சேரலாம்.

3. கிக் டிரம்மோடு ஒத்துப் பாருங்கள்
டிரம்மரைக் கிக் மட்டும் அடிக்கச் சொல்லி உடன் வாசியுங்கள். நான்கு கம்பி பேஸின் திறந்த ‘ஈ’ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிக்கின் கனம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இரண்டும் ஒரே முழக்கமாகக் கலந்தால் பேஸ் குமிழைக் குறையுங்கள். ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள்.

4. மிட்டைக் கவனியுங்கள்
இதுதான் முக்கியமான படி. பேஸ் கேட்கவில்லை என்றால் வால்யூமைத் தொடும் முன் மிட்டைக் கூட்டுங்கள். 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் பகுதியை 2, 3 டெசிபல் ஏற்றினாலே ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரியும். ஒலி சேறாகக் குழைந்தால் 250 ஹெர்ட்ஸ் அருகில் அதே அளவு இறக்குங்கள். இந்த மாற்றங்களுக்குப் பின் தனியாக வாசித்தால் டோன் கொஞ்சம் கரடுமுரடாகத் தோன்றும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

5. மற்றவர்களிடம் இடம் கேளுங்கள்
கீபோர்டு கலைஞரின் இடது கை உங்கள் சுரங்களின் மேலேயே விழுந்தால் எந்த ஈக்யூவும் உதவாது. இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கவோ, விட்டுவிடவோ சொல்லுங்கள். கிட்டார் கலைஞரும் தன் ஆம்பில் பேஸைக் குறைக்கலாம்.

6. ஆம்பை இடம் மாற்றுங்கள்
தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்து ஒலிக்கும். கூர்மையான ஒலிகள் காதுக்கு எட்டாது. அதைச் சற்றுச் சாய்த்தோ, உறுதியான பெட்டிமேல் ஏற்றியோ வையுங்கள். சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும்; அங்கிருந்து நகர்த்துங்கள்.

7. மிக்ஸருக்குத் தனி வழி
ஆம்பிலிருந்து மிக்ஸருக்குச் செல்லும் டிஐ வெளியீட்டில் ‘ப்ரீ’ (ஈக்யூவுக்கு முந்தைய) சுவிட்ச் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மேடையில் நீங்கள் ஈக்யூ குமிழைத் திருப்பினாலும் மிக்ஸர் வழி வரும் அரங்க ஒலி மாறாது.

கடைசியாக, ஒத்திகையை அரங்கின் நடுவிலிருந்து செல்போனில் பதிவு செய்து, அதன் சிறிய ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அதில் தாழ்ந்த ஒலி வராது. என்றாலும் பேஸின் சுரங்களைப் பின்தொடர முடிந்தால் மிட் சரியாக இருக்கிறது. முடியாவிட்டால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.